கடற்கரையில் கூப்பிட்ட குரல்

திருவண்ணாமலை
8.1.2024

அன்புள்ள தம்பி இளவரசனுக்கு,

அக்கா உண்ணாமலை எழுதறேன். கவர் மேல இருக்கற கையெழுத்தப் பாத்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் கிழிச்சிப் போடாம பிரிச்சிருந்தா சந்தோஷம்.

உன் விலாசத்த நம்ம ஊர் வேணு குடுத்தான். அவன் இப்ப டூர் வேன் ஓட்டறான். போன வருஷம் தரங்கம்பாடி வந்தப்ப ஐஸ் கம்பெனி வாசல்ல உன்னப் பாத்தானாம். உனக்குத் தலை நரைச்சிடுச்சின்னு சொன்னான். அம்மா சாவுக்கு வந்தப்ப உனக்கு ஒரு முடி வெளுக்கல. ஒம்பது வருஷத்துல எப்படிடா நரைக்கும்னு அவன்கிட்ட சண்டைக்குப் போனேன். அப்புறம் கண்ணாடியில என் தலையப் பாத்துக்கிட்டேன்.

நம்ம ஊர்ல நான் இப்ப இல்ல. அம்மா போனதுக்கப்புறம் அந்த வீட்டுல ஒண்டியா இருக்க முடியல. செங்கம் ரோட்டுல, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேலை. ரூம் பெருக்கித் துடைக்கறது, பெட்ஷீட் மாத்தறது, துணி காயப்போடறது. வெள்ளக்காரங்கதான் ஜாஸ்தி. பின்னாலயே எனக்கு ஒரு சின்ன ரூம் விட்டிருக்காங்க. மொட்டை மாடியில துணி காயப்போடறப்ப மலை நேரா தெரியும். குறை ஒண்ணுமில்ல.

இப்ப எதுக்கு எழுதறேன்னா, எங்க மகளிர் குழுவுல டூர் போறோம். தை பௌர்ணமிக் கூட்டம் முடிஞ்ச மறுநாள், 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை கெளம்பறோம். மொதல்ல பாண்டிச்சேரி. சனிக்கிழமை பிச்சாவரம் பாத்துட்டு மதியம் தரங்கம்பாடிக் கோட்டை. ஞாயித்துக்கிழமை ஏற்காடு மலை ஏறி, அரூர் வழியா வீடு. குழுத் தலைவி மணியம்மாள் பிளான் போட்டது. வேணுவோட வேனும் இன்னொரு வேனும் வருது. எனக்கு இத்தனை வயசாகியும் கடலப் பாத்ததில்ல. மலை மட்டும்தான் பாத்திருக்கேன், அதுவும் இந்த ஒரே மலை.

உன்ன வான்னு கூப்பிடல. கூப்பிட எனக்கு வாயுமில்ல. சனிக்கிழமை மதியம் அந்தக் கோட்டை முன்னாடி கடற்கரையில நான் நிப்பேன். அந்தப் பக்கம் வேலையா வந்தா வா.

போன் பேசறது எனக்கு ஒத்து வரல. அதான் கடுதாசி.

உன் வீட்டுக்காரிக்கும் பொண்ணுக்கும் என் அன்பு. பொண்ணு பேர வேணுதான் சொன்னான். அபிநயா. நல்ல பேர்.

அக்கா
உண்ணாமலை


தரங்கம்பாடி
17.1.2024

அக்காவுக்கு,

கடுதாசி வந்துது. பொங்கல் அன்னைக்குக் கம்பெனி வாச்மேன் கொண்டாந்து குடுத்தார். படிச்சிட்டுப் பையில வெச்சிட்டேன். வீட்டுல அஞ்சலைகிட்ட ரெண்டு நாள் சொல்லல.

போன் ஒத்து வரலன்னு எழுதியிருக்க. ஊர் உலகமே போன்ல பேசுது. என் குரலக் கேக்கப் புடிக்கலன்னு நேரா எழுதியிருக்கலாம். என் நம்பர் கவர் பின்னால எழுதியிருக்கேன். புடிச்சா கூப்பிடு.

சனிக்கிழமை எனக்கு டூட்டி. மீன்பிடி போட்டு எல்லாம் கரைக்கு வர்ற நேரத்துல கம்ப்ரஸரு நின்னுபோனா மீன் அத்தனையும் நாறிடும். விட்டுட்டு வர முடியுமா தெரியாது.

இவ்ளோ தூரம் நீ எழுதினதால நானும் ஒண்ணு எழுதறேன். அம்மாவ எடுக்கற அன்னைக்கு பெரியப்பா என்னத் தெருவுலயே நிறுத்திட்டார். வேற சாதியில கட்டினவன் பாடையத் தொடக்கூடாதுன்னார். பெத்த புள்ள நான் நிக்கறேன், அவர் மகன் கொள்ளிச்சட்டி தூக்கிட்டுப் போறான். நீ வாசப்படியில நின்னுக்கிட்டிருந்த. நான் உன்னத்தான் பாத்தேன். நீ ஒரு வார்த்தை பேசல. அத நெனச்சா இப்பவும் எனக்குச் சோறு எறங்காது.

சனிக்கிழமை பாக்கலாம். உறுதி சொல்லல.

இளவரசன்


திருவண்ணாமலை
2.2.2024

அன்புள்ள தம்பிக்கு,

டூர் நல்லபடியா முடிஞ்சி வந்து சேந்துட்டோம். நீ வரல. டூட்டின்னு முன்னாடியே எழுதியிருந்த, அதனால கோவப்பட எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பாத்ததையெல்லாம் யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கு. இங்க கேக்க ஆளில்ல. குழுவுல எல்லாரும் அதையேதான் பாத்தாங்க.

பாண்டிச்சேரியில வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலப் பாத்தேன். பஸ்ல வர்ற வழியில ஏரியப் பாத்திருக்கோமே, அதவிடப் பெருசா இருக்கும்னு நெனச்சிருந்தேன். பெருசுங்கற வார்த்தையே இதுக்குப் பத்தாது. அந்தப் பக்கம் கரையே இல்லடா. அல கிட்ட வந்து எழும்பறப்ப உள்ள பச்சையா தெரியுது, அப்படியே மடிஞ்சி வெள்ளையா ஆயிடுது. திரும்பிப் போறப்ப காலுக்கடியில இருக்கற மண்ணையும் சேத்து இழுக்குது. மொதல் தடவ பயந்து சரோஜா முந்தானையப் புடிச்சிக்கிட்டேன். எங்க குழுவுல இட்லி கடை வெச்சிருக்காளே, அந்த சரோஜா. அவ சிரிச்சிச் சிரிச்சி உக்காந்தே போயிட்டா.

பிச்சாவரத்துல படகுல போனோம். ரெண்டு பக்கமும் தண்ணியில வேர ஊணிக்கிட்டு மரங்க. வெயிலே உள்ள எறங்கல. படகுக்காரர் துடுப்பு போடறத நிறுத்திட்டு எல்லாரையும் பேசாம இருக்கச் சொன்னார்போல. எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் எல்லாரும் ஒரே மாதிரி உக்காந்திருந்தோம். டூர்லயே எனக்கு ரொம்பப் புடிச்ச நேரம் அதுதான்.

தரங்கம்பாடி வந்து சேர ஒரு மணிக்கு மேல ஆயிடுச்சு. கோட்டைய எல்லாரும் உள்ள போய்ப் பாத்தாங்க. நான் போகல. உனக்குப் பொரிவிளங்கா உருண்டை புடிச்சி எடுத்துக்கிட்டு வந்திருந்தேன். அந்தக் கூடையோட மணல்ல நின்னேன். மொதல்ல ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். சைக்கிள்ல யார் வந்தாலும் நீதான்னு தோணுது. வழியப் பாத்துக்கிட்டே நின்னா வர்றவன்கூட வரமாட்டான்னு அம்மா சொல்லுவாளே. அதான் கடல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். பின்னால வந்து நீ கூப்பிடுவன்னு இல்ல, என்னத் தொடுவன்னு ஒரு நெனப்பு. யாரும் தொடல. நிழல் நீளமாகற வரைக்கும் நின்னேன். மணியம்மாள் வந்து கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போனா.

உருண்டைய வேன்ல பங்கு போட்டுட்டேன். நல்லா இருக்குன்னாங்க.

ஞாயித்துக்கிழமை ஏற்காடு. ஒரே பனி மூட்டம். ஒண்ணும் பாக்கல.

உன் கடுதாசியில அம்மாவ எடுத்த அன்னைக்குப் பத்தி எழுதியிருந்த. ஒண்ணு நெனச்சிப் பாரு. அம்மா கையும் காலும் விழுந்து கெடந்த அத்தனை வருஷமும் அவள எடுத்து உக்கார வெச்சது நான் ஒருத்தி. கட்டின ரெண்டாம் வருஷமே புருஷன் செத்து பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவ. பெரியப்பா வீட்டுக் கெணத்துத் தண்ணியிலதான் நம்ம நெலத்துல எதுவும் வெளஞ்சுது. அவர எதுத்துப் பேசிட்டு மறுநாள் நான் எங்க போயிருப்பேன்? உன்கூட வரச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொன்னியா? நீயும்தான் பேசல.

சரி, விடு. டூர் பத்தி எழுதத்தான் உக்காந்தேன்.

அக்கா
உண்ணாமலை


தரங்கம்பாடி
10.2.2024

அக்கா,

நீ எழுதினதப் படிச்சிட்டு எனக்கு ஒடம்பே பத்திக்கிட்டு எரியுது.

நான் வரலையா? மெய்யா நான் வரலையா?

டூட்டிய இன்னொருத்தன் தலையில கட்டிட்டு, வீட்டுக்குப் போயி குளிச்சி, பொங்கலுக்கு எடுத்த சட்டைய மாட்டிக்கிட்டு வந்தேன். அபிநயாவுக்கு ஸ்கூல் லீவு. அத்தையப் பாக்கணும்னு அவளும் கூட வந்தா. பாவாடை சட்டை போட்டு, அஞ்சலை அவளுக்குப் பூ வெச்சி அனுப்பினா. கோட்டை வாசல்ல உங்க வேன் ரெண்டும் நின்னுது. வேணு உள்ள படுத்துத் தூங்கிக்கிட்டிருந்தான். எழுப்பல. தூரத்துலயே நான் உன்னக் கண்டுபுடிச்சிட்டேன். ஒரு கால்ல பாரத்தப் போட்டு நிக்கற அந்த நிலை மாறவே இல்ல. ஊதா கலர் பொடவை. கையில ஒயர் கூடை. சரியா?

உன் முதுகுக்குப் பின்னால வந்து நின்னு அக்கான்னு கூப்பிட்டேன். நீ திரும்பல. காத்து அடிக்குது, கேக்கலன்னு நெனச்சேன். இன்னும் கிட்ட வந்து, சின்ன வயசுல ஏரிக் கரையில இருந்து கூப்பிடுவேனே, அந்த மாதிரி "உண்ணாமலக்கா"ன்னு கத்தினேன். சங்கு விக்கறவர் திரும்பிப் பாத்தார். ஐஸ்கிரீம் வண்டிக்காரன் திரும்பிப் பாத்தான். நீ மட்டும் அசையல. கூடைய ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்திக்கிட்ட. அவ்ளோதான்.

அபிநயா போயி உன் கையத் தொடப் பாத்தா. நான்தான் அவளப் புடிச்சி இழுத்துக்கிட்டேன். கூப்பிட்டும் திரும்பாதவங்களத் தொட்டு இன்னா ஆகப்போகுது.

வர்ற வழியில, "அத்தைக்கு நம்மளப் புடிக்கலையாப்பா?"ன்னு கேட்டா. அன்னைக்கு வாசப்படியில பேசாம நின்ன. இன்னைக்குக் கடற்கரையில பேசாம நிக்கற. பேசாம நின்னே ஒரு மனுஷன சாகடிக்க உனக்குத் தெரியும்.

வரச் சொல்லி எழுதிட்டு, வந்தவனுக்கு முதுகக் காட்டிட்டு, வரலன்னு நாலு பக்கத்துக்குப் பொய் எழுதற. எதுக்குக்கா இது? இனிமே எழுதாத.

இளவரசன்


திருவண்ணாமலை
16.2.2024

தம்பி,

எழுதாதன்னு சொல்லியும் எழுதறேன். இந்த ஒண்ணையாவது படி.

எனக்குக் காது கேக்காது தம்பி.

அம்மா போன மூணாம் வருஷம் ஒரு காய்ச்சல் வந்துது. பத்து நாள் படுத்து எழுந்தேன். எழுந்தப்ப ஒரு காது போயிருந்துது. அடுத்த வருஷம் இன்னொண்ணும் போச்சு. வேலூருக்குப் போயிக் காட்டினேன். நரம்பு செத்துடுச்சி, வராதுன்னு சொல்லிட்டாங்க. மெஷின் ஒண்ணு குடுத்தாங்க. அதப் போட்டா மாவு மில்லுக்குள்ள நிக்கற மாதிரி ஒரே இரைச்சல், பேச்சு மட்டும் வராது. கழட்டி வெச்சிட்டேன். நேரா முகத்தப் பாத்து மெதுவா பேசினா பாதி புரியும். மீசை வெச்சவங்க பேசினா அதுவும் புரியாது.

உனக்கு நான் சொல்லல. வேணுவையும் வாயத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்தான். செவிட்டு அக்கான்னு பாவப்பட்டு நீ வரக்கூடாதுன்னு நெனச்சேன். அக்கான்னு நெனச்சி வரணும், வந்ததுக்கப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்னு இருந்தேன்.

நீ வந்திருக்க. பின்னால நின்னிருக்க. கொழந்தையும் வந்திருக்கு, பூ வெச்சிக்கிட்டு. இதப் படிச்சிட்டு நான் ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டேன். அன்னைக்கு எந்த ரூமும் பெருக்கல. மேனேஜர் வந்து கதவத் தட்டியிருப்பார்போல. தட்டினது எனக்கு எப்படித் தெரியும்?

இங்க தங்க வர்ற வெள்ளக்காரங்கள்ல சில பேர் மௌனத்துல இருக்கேன்னு ஒரு அட்டைய எழுதி நெஞ்சுல மாட்டிக்கிட்டுத் திரியறாங்க. அவங்களப் பாத்தா எல்லாரும் மரியாதையா ஒதுங்கிப் போறாங்க. எனக்கு அட்டையில்ல. ஆட்டோக்காரன் பின்னால வந்து ஹாரன் அடிச்சி, நான் ஒதுங்கலன்னு முன்னால வந்து திட்டிட்டுப் போறான். தீபத்தன்னிக்கு மொட்டை மாடியில நின்னு பாத்தேன். மலை உச்சியில ஜோதி ஏறுது. ரோடு நெறைய ஜனம் கையத் தூக்கிக்கிட்டு வாயத் திறக்குது. அண்ணாமலையாருக்கு அரோகரான்னுதான் இருக்கும். எல்லார் வாயும் ஒண்ணா திறக்குது, ஒண்ணா மூடுது. நான் சும்மா பாத்துக்கிட்டு நின்னேன்.

ஏற்காட்டுல ஒண்ணும் பாக்கலன்னு எழுதினேனே. நடந்தத எழுதல. இப்ப எழுதறேன்.

மலை மேல எட்டிப் பாக்கற எடத்துல கம்பி போட்டிருக்காங்க. அதப் புடிச்சிக்கிட்டு நின்னா சேலம் ஊரே கீழ தெரியும்னாங்க. நாங்க போனப்ப கொஞ்சம் தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல பள்ளத்துல இருந்து பனி ஏறி வந்துடுச்சி. வேனுக்கு வரச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. ஹாரனும் அடிச்சிருக்காங்க. நான் தரங்கம்பாடிய நெனச்சிக்கிட்டு நின்னேன். இந்த வேன்காரங்க நான் அந்த வேன்ல இருக்கேன்னு நெனச்சிட்டாங்க, அவங்க இந்த வேன்ல இருக்கேன்னு நெனச்சிட்டாங்க. ரெண்டும் எறங்கிப் போயிடுச்சி.

திரும்பிப் பாத்தா யாருமில்ல. என் கையே எனக்குத் தெரியாத அளவுக்குப் பனி. காது போனதுக்கப்புறம் கண்ண வெச்சித்தான் நான் பொழைக்கறேன். இப்ப அதுவும் இல்ல. எந்தப் பக்கம் ரோடு, எந்தப் பக்கம் பள்ளம்னு தெரியல. பின்னால கார் வந்தாலும் தெரியாது. கம்பிய விட பயமா இருந்துது. செத்ததுக்கப்புறம் இப்படித்தான் இருக்கும்போலன்னு தோணுச்சி. மூச்சு விடறது மட்டும்தான் மிச்சம்.

அப்ப நான் கூப்பிட்டேன். மணியம்மாளையோ சரோஜாவையோ கூப்பிட்டிருக்கணும். என் வாயில வந்தது உன் பேர். இளவரசா, இளவரசான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். எவ்ளோ சத்தமா கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியாது. தொண்டை எரிஞ்சுது, அதனால சத்தமாத்தான் கூப்பிட்டிருப்பேன்.

சோளக்கருது சுடற ஒரு அம்மா பனிக்குள்ள இருந்து வந்து என் தோளப் புடிச்சாங்க. அடுப்புப் பக்கத்துல உக்கார வெச்சி ஒரு கருதக் கையில குடுத்தாங்க. பாதி மலை எறங்கினப்பதான் நான் இல்லன்னு கண்டுபுடிச்சிருக்காங்க. வேணு வேனத் திருப்பிக்கிட்டு வந்தான். மணியம்மாள் ரொம்ப நேரம் திட்டினா. அவ வாய் போற வேகத்துக்கு எனக்கு ஒண்ணும் புரியல. ஊர் வர்ற வரைக்கும் யாரும் என்னப் பாக்கல. அடுத்த டூருக்கு என்னக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டாங்க.

அவ்ளோதான். நான் பொய் சொல்லல. உனக்கு முதுகக் காட்டல.

அபிநயாகிட்ட சொல்லு. அத்தைக்கு அவளப் புடிக்கும்னு சொல்லு. பாக்காமலே புடிக்கும்.

இன்னொண்ணு. கடலுக்கு இன்னா சத்தம்? காது இருந்தப்ப நான் கடலப் பாக்கல. கடலப் பாத்தப்ப காது இல்ல. குழுவுல கேட்டா சிரிப்பாங்க. தெரிஞ்சா எழுது.

உண்ணாமலை


தரங்கம்பாடி
25.2.2024

அக்கா,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. ஒரு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சிட்டேன்.

உன் கடுதாசிய அஞ்சலைக்குப் படிச்சிக் காட்டினேன். பாதியில என்னால முடியல. அபிநயாதான் வாங்கி மீதியப் படிச்சா. அஞ்சலை அழல. எழுந்து வந்து என் எதுக்க நின்னா. "அக்கா திரும்பலன்னா முன்னாடி போயி நிக்க வேண்டியதுதானேய்யா? நாலு அடி நடக்க உனக்குக் கால் இல்லையா?"ன்னா. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு போடல. தட்ட மட்டும் வெச்சா.

அவ சொல்றதுதான் சரி. நாலு அடி. நான் நடக்கல. நீ என்னத் தேடி வந்து என் முன்னால நிக்கணும்னு இருந்தேன். அம்மாவ எடுத்த அன்னையில இருந்தே அப்படித்தான் இருந்திருக்கேன்போல.

கடல் சத்தம் கேட்டிருந்த. ஒம்பது வருஷமா இங்க இருக்கேன், யாரும் என்ன இதக் கேட்டதில்ல. நாள் பூரா கம்பெனி இரைச்சல்லயே கெடக்கறதால நானும் கவனிச்சதில்ல. நேத்து வேலை முடிஞ்சி அதுக்காகவே கரையில போயி உக்காந்தேன். எழுத வருதான்னு பாக்கறேன். நம்ம வீட்டுல மல்லாட்டை புடுங்கி, கடலையக் காயவெச்சி மூட்டை கட்டுவோமே. அந்த மூட்டைய அவுத்து சிமென்ட் தரையில அப்பா ஒரே தட்டா கொட்டுவார், ஞாபகம் இருக்கா? அந்தச் சத்தம்தான் அல விழறது. அப்புறம் நீயும் நானும் கையால வாரிக் குமிப்போம். அந்தச் சத்தம்தான் அல திரும்பிப் போறது. கொட்டறது, வாரறது. விடாம அதுதான். ராத்திரியில மூட்டை பெருசா இருக்கும்.

இதுக்கு மேல எனக்குத் தெரியல.

நேர்ல வரணும்னு இருக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு நாள் போனேன். விழுப்புரம் பஸ் நின்னுது, ஏறல. வந்து உன் எதுக்க உக்காந்து இன்னா பேசறது? எனக்கும் மீசை இருக்கு. எடுத்துடலாம், அது ஒண்ணும் பெருசில்ல. நான் பேசி உனக்குப் புரியாம நீ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா அத என்னால தாங்க முடியாது. பயமா இருக்குக்கா. இதுதான் நெசம்.

உடம்பப் பாத்துக்க. ரோட்டுல ஓரமா நட.

தம்பி
இளவரசன்


திருவண்ணாமலை
28.3.2024

அன்புள்ள தம்பிக்கு,

நேத்து நடந்தத உன் வீட்டுக்காரி இந்நேரம் சொல்லியிருப்பா. அவ எதச் சொன்னா, எத விட்டான்னு எனக்குத் தெரியாது. அதனால நானும் எழுதறேன்.

பதினொரு மணி இருக்கும், மொட்டை மாடியில பெட்ஷீட் காயப்போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு ஷீட்ட ஒதுக்கினா அதுக்குப் பின்னால ஒருத்தி நிக்கறா. கறுப்பா, திடமா, மஞ்சள் பொடவையில. கையில பெரிய பை. யாரோ வேலை கேட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சி, ஆபீஸ் கீழன்னு கையக் காட்டினேன். அவ போகல. என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டா. தன் நெஞ்சத் தொட்டுக் காட்டி, "அஞ்சலை"ன்னா.

அந்த ஒரு வார்த்தைய நான் அவ வாயில படிச்சேன்டா. ஒரு எழுத்து தப்பல.

அவ பேசறது எனக்கு அத்தனையும் புரியுது. எப்படின்னு கேட்டேன். படகுல எஞ்சின் ஓடறப்ப யார் பேசறதும் யாருக்கும் கேக்காதாம். கரையில நிக்கறவங்களுக்கும் கேக்காதாம். அதனால சின்ன வயசுல இருந்தே அவங்க ஊர்ல எல்லாரும் வாய நல்லாத் திறந்து, கையும் சேத்துத்தான் பேசுவாங்களாம். உன் கம்பெனிக்குள்ள நீயும் அப்படித்தான் பேசுவன்னா. அதக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துது. அஞ்சாறு வருஷமா இந்த ஊர்ல யார் பேசினாலும் பாதிதான் எனக்கு வந்துது. முழுசா பேசறவ பஸ் ஏறி வந்திருக்கா, அவள நம்ம வாசப்படி ஏற விடமாட்டோம்னு சொன்ன ஜனம் நாம.

பையத் திறந்து கருவாடு எடுத்தா. அய்யோ, இங்க அது ஆகாது, மேனேஜர் வேலைய விட்டே தூக்கிடுவார்னு நான் பதற, அவ மூடி மறுபடி பைக்குள்ள வெச்சிட்டு, மொட்டை மாடியிலயே உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா.

மதியம் லீவு சொல்லிட்டு அவளக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவ இவ்ளோ கிட்ட மலையப் பாத்ததில்லையாம். ஒவ்வொரு தெரு திரும்பறப்பவும் அது அங்கயே நிக்குதேன்னு கேக்கறா. கடல் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, இது எப்படி அண்ணி அசையாமலே கெடக்குதுன்னா. சுனாமியில அவ அம்மாவ அல கொண்டுபோனதச் சொன்னா. அதச் சொல்ல அவளுக்குக் கை வரல, வாயால மட்டும் சொன்னா. சொல்லிட்டு மலையையே பாத்துக்கிட்டிருந்தா. இது யார் வீட்டுக்கும் வராது இல்ல, அப்படின்னா.

வந்த விஷயத்த சாயங்காலம்தான் சொன்னா. ரெண்டு கையையும் கூரை மாதிரி வெச்சி, நீங்க வீடு கட்டி முடிச்சிட்டீங்கன்னு காட்டினா. அப்புறம் விரலக் குவிச்சி மேல தூக்கித் தூக்கி, பால் பொங்கற மாதிரி. நாத்தனார் வந்துதான் பால் காய்ச்சணும், மொத அடி அவதான் வெக்கணும்னு சொன்னா. அவ சொந்தக்காரங்க, வேற யாரையாவது வெச்சி முடிச்சிடலாம்னு சொன்னாங்களாம். இவ ஒத்துக்கலையாம். தேதியத் தள்ளி வெச்சிருக்காளாம். நீ கேக்கச் சொல்லி அனுப்பினியான்னு கேட்டேன். இல்ல, அவருக்குத் தெரியாது, சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்னா. திட்டாத அவள.

பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தேன். பஸ் திரும்பற வரைக்கும் ஜன்னல்ல கைய வெளிய நீட்டி ஏதோ பேசிக்கிட்டே போனா. அதுவும் புரிஞ்சுது. எழுதமாட்டேன், அது எங்களுக்குள்ள.

திரும்பி வந்து ரூமத் திறந்தா, இத்தனை வருஷம் இருந்த ரூம்தான், ஒரு நாள்ல இவ்ளோ வெறுமையா ஆயிடுச்சி. வெளக்கப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாயில உக்காந்திருந்தேன். காது போனதுகூடப் பழகிடுச்சி தம்பி. பேசினவங்க எழுந்து போனதுக்கப்புறம் இருக்கறது பழகல.

சித்திரை பொறந்து, மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சி, கம்பெனி ஓடாத நாளா பாத்துத் தேதி வை. நான் வரேன். வேணு வேனுல வேண்டாம், பஸ்ல நானே வரேன். எறங்கற எடத்துல நீ வந்து நில்லு. பேசணும்னு இல்ல. மீசையும் எடுக்க வேண்டாம்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். விசேஷ வீடுன்னா நெறைய ஜனம் வரும். எனக்குப் போற எடமெல்லாம் நடக்கறது தெரியும். மரியாதையா ஒரு நாற்காலியப் போட்டு ஓரமா உக்கார வெச்சிடுவாங்க. அவங்களுக்குக் கேக்காதுன்னு பக்கத்துல இருக்கறவங்க சொல்றது எனக்குத் தெரியும். சோறு கேட்டுக் கேட்டுப் போடுவாங்க. யாரும் பேசமாட்டாங்க. உன் வீட்டுல என்ன ஓரத்துல உக்கார வெக்காத. பாலப் பொங்க வெச்சிட்டு நான் அடுப்படியிலயே, அஞ்சலை இருக்கற எடத்துலயே இருந்துக்கறேன். அபிநயா என் பக்கத்துல இருக்கட்டும்.

எல்லாரும் ஒண்ணா சிரிக்கறப்ப, எதுக்குச் சிரிக்கறாங்கன்னு அவ எனக்குச் சொல்லணும்.

அக்கா
உண்ணாமலை